கைநாட்டு

பறிபோன ஆண்டுகள் – பகுதி 7

சென்ற வாரம் 1979 ஜூலையில் நிறுத்தியிருந்தோம். மூன்றே ஆண்டுகளுக்கு என்று சொல்லிப் பாராளுமன்றத்தில் நிறைவேறிய 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், 1982இல் நிரந்தரச் சட்டமாகிப் போனதைப் பார்த்தோம்.

1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் ஓர் எளிய விதியை வைத்திருந்தது. பொலிஸ்காரரிடம் சொன்ன குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. காவலில் இருப்பவனின் வாயிலிருந்து எதையும் வரவழைக்கலாம் என்பது அந்த விதியை எழுதிய வெள்ளைக்காரனுக்கும் தெரிந்திருந்தது. 1979இன் சட்டம் தன் 16ஆம் பிரிவால் அந்த விதியைக் கவிழ்த்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள ஓர் அதிகாரியிடம் சொன்னதாக இருந்தால் செல்லும் என்றது. அடித்து வாங்கிய ஒப்புதல் என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பை அடி வாங்கியவர் தலையிலேயே வைத்தது.

அதற்கு முந்திய பகுதிகளில், லண்டனில் ஆள் மாறி இருமுறை குற்றவாளியாக்கப்பட்ட அடொல்ஃப் பெக்கின் கதையைச் சொன்னேன். 1904இல் உண்மை வெளிவந்தது. பிரித்தானிய அரசு அவருக்கு 5,000 பவுண் நட்டஈடு கொடுத்தது. நீதிமன்றம் பிழைவிட்டால் அரசு பணம் கொடுக்கலாம் என்ற எண்ணம் அவ்வளவு பழையது.

இந்த வாரம் நம் மாகாணத்துக்கு வருகிறோம்.

சவளக்கடையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து கல்முனைக்குப் போய், வடக்கே திரும்பினால் ஒரு மணி நேரத்தில் மட்டக்களப்பு. அங்கிருந்து ஏறாவூர், செங்கலடி தாண்டினால் கொம்மாதுறை. நாம் பேசப்போகும் வழக்கு அந்தத் தெருவில் தொடங்கி ஜெனீவா வரை போனது.

விடிகாலை

1993 ஜூலை 16. கிழக்கில் போர் மீண்டும் மூண்டு மூன்று ஆண்டுகள். ஜனாதிபதி பிரேமதாச கொல்லப்பட்டு இரண்டரை மாதங்கள்.

விடியும் முன்னே மட்டக்களப்பு மாவட்டத்தின் தமிழ்க் கிராமம் ஒன்றைப் படையினர் சுற்றிவளைத்தார்கள். சுற்றிவளைப்பு என்றால் என்னவென்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆம்பிளைகள் எல்லாரும் வெளியே வரவேண்டும். வரிசையில் குந்தவேண்டும். தலையாட்டி யாரைப் பார்த்துத் தலையை அசைப்பான் என்று தெரியாது.

அன்று 150 பேர் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவர் நல்லரத்தினம் சிங்கராசா. தூங்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழுப்பப்பட்டவர்.

ஏன் பிடிக்கிறோம் என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. எல்லாரையும் கொம்மாதுறை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். புலிகளுக்கு உதவியவர்கள் என்பது குற்றச்சாட்டு. கைகள் கட்டப்பட்டு மாமரத்தில் தொங்கவிடப்பட்டு அடிக்கப்பட்டதாகச் சிங்கராசா பின்னர் சொன்னார். அன்று பொழுதுபடும் நேரம் மட்டக்களப்புப் பொலிஸின் நாசவேலைத் தடுப்புப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டார். தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கியதையும், கண்ணைக் கட்டிக் குப்புறக் கிடத்தி அடித்ததையும், அரைகுறைத் தமிழில் கேள்வி கேட்டதையும் பற்றி அவர் சொன்னவை ஐக்கிய நாடுகளின் ஆவணத்தில் பதிவாகியிருக்கின்றன.

தடுப்புக்காவல் கட்டளை பாதுகாப்பு அமைச்சரின் பெயரில் வந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு மூன்று மூன்று மாதமாகப் பதினெட்டு மாதம் வரை அடைத்து வைக்க இடம் கொடுத்தது. 10ஆம் பிரிவு, அந்தக் கட்டளையை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்றது. ஓகஸ்ட் மாதம் அவர் முதல்முறையாக நீதவான் முன் கொண்டுவரப்பட்டார். நீதவானால் அந்தக் கட்டளையைத் தொட முடியவில்லை. அவர் திரும்பவும் பொலிஸ் காவலுக்கே அனுப்பப்பட்டார்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீதவான் முன் நின்ற அந்தச் சில நிமிடங்கள் பின்னால் அவருக்கு எதிராகவே திரும்பப் போகின்றன.

டிசெம்பர் 11

சுற்றிவளைப்பு நடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

ஓர் அறை. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர். பொலிஸ் கான்ஸ்டபிள் ஒருவர். எதிரே சிங்கராசா. அவருக்குச் சிங்களம் தெரியாது. கேள்வி சிங்களத்தில் பிறந்தது, கான்ஸ்டபிளின் வாயில் தமிழானது. பதில் தமிழில் பிறந்தது, அதே கான்ஸ்டபிளின் வாயில் சிங்களமானது. அதைத் தட்டச்சில் ஏற்றியதும் அதே கான்ஸ்டபிள்தான். படிப்பு, தொழில், குடும்பம் என்று கேள்விகள் போயின. சட்டத்தரணி இல்லை. வெளியிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் இல்லை.

தட்டச்சிட்ட தாள் அவர் முன் வைக்கப்பட்டது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

எனக்கு விளங்காத ஒன்றில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று அவர் மறுத்தார். அவர் சொல்வதன்படி, அதிகாரி அவருடைய கையைப் பிடித்து, பெருவிரலை அந்தத் தாளில் பலவந்தமாக அழுத்தினார்.

நம் ஊர்களில் கைநாட்டு என்பது எழுத்தறியாதவரின் ஒப்புதல். காணி உறுதியில், கடன் சீட்டில், கூட்டுறவுச் சங்கப் புத்தகத்தில் நம் மூத்தவர்கள் வைத்த கைநாட்டுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருந்தது. யாராவது வாசித்துக் காட்டுவார்கள், கேட்டு விளங்கிக்கொண்டு விரலை வைப்பார்கள். இந்த விரல் வைக்கப்பட்டபோது வாசித்துக் காட்ட வேண்டியவனும் எழுதியவனும் ஒரே ஆள்.

அந்த ஒற்றைத் தாள்தான் வழக்கு. அதைத் தவிர வேறு சாட்சியம் அவருக்கு எதிராகப் பயன்படவில்லை. ஒரு மனிதனின் ஐம்பது வருடம் அந்தப் பெருவிரல் அடையாளத்தின் மேல் கட்டப்பட்டது.

விசாரணைக்குள் ஒரு விசாரணை

1994 செப்டெம்பரில் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் வந்தது. ஐந்து குற்றச்சாட்டுகள். அரசைக் கவிழ்க்கச் சதி செய்தது ஒன்று. யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு ஆகிய முகாம்களைத் தாக்கியது மற்ற நான்கு. நான்கு முகாமும் வடக்கில். பிடிபட்டவரோ மட்டக்களப்புக் கிராமத்து ஆள்.

செப்டெம்பர் 30ஆம் திகதி அரசு செலவில் ஒரு சட்டத்தரணி ஒதுக்கப்பட்டார். பிடிபட்ட நாளிலிருந்து பதினான்கு மாதங்களுக்குப் பிறகு அவர் பேச முடிந்த முதல் சட்டத்தரணி அவர்தான்.

1995 ஜனவரியில் எதிர்த்தரப்பு, இவர் உடலில் அடித்த தழும்புகள் இருக்கின்றன, வைத்திய அறிக்கை வேண்டும் என்று கேட்டது. நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்தார். முதுகில் தழும்புகள். இடது கண்ணின் விழிவெண்படலத்தில் வடு, அந்தக் கண்ணின் பார்வை நிரந்தரமாகக் குறைந்திருந்தது. மொட்டை ஆயுதத்தால் பட்ட காயங்கள் என்றும், முதுகின் நடுவில் இருந்தது கூரான ஒன்றால் வந்திருக்கலாம் என்றும் அறிக்கை சொன்னது.

1995 ஜூன் 2. அந்த ஒப்புதல் தாளைச் சாட்சியமாக ஏற்பதா இல்லையா என்று தீர்மானிக்கத் தனி விசாரணை நடந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் சாட்சி சொன்னார். கான்ஸ்டபிள் சொன்னார். சிங்கராசாவும் சொன்னார். வைத்திய அறிக்கை மேசையில் இருந்தது.

இந்த வழக்கின் முழுக் கனமும் இந்த ஒரு நாளில்தான் இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

வழக்கமான குற்ற வழக்காக இருந்தால் இந்த நாளே வந்திருக்காது. பொலிஸிடம் சொன்னது செல்லாது, அத்தோடு முடிந்தது. 16ஆம் பிரிவு இருந்ததால் கேள்வி தலைகீழானது. இந்த ஒப்புதல் சுயவிருப்பத்தோடு தரப்பட்டதா என்று அரசுதான் காட்ட வேண்டும் என்ற நிலை போய், இது அடித்து வாங்கப்பட்டது என்று நீயே காட்டு என்ற நிலை வந்தது. பூட்டிய அறைக்குள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் ஒரு பக்கம். மூன்றாமவர் எதைக் காட்டுவார்? தன் முதுகைக் காட்டலாம். கண்ணைக் காட்டலாம். காட்டினார்.

நீதிமன்றம் தழும்புகளைக் கண்டது. உடலில் காயத் தழும்புகள் இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அவை இந்தச் சம்பவத்துக்கு முந்தியோ பிந்தியோ பட்டவையாக இருக்கலாம் என்றது. அடித்தார்கள் என்றால் ஏன் நீதவானிடம் முறையிடவில்லை என்று கேட்டது. முறையிடாமல் இருந்தது சாதாரண மனிதன் நடந்துகொள்ளும் விதமல்ல என்று கருதியது.

சிங்கராசா அதற்கும் பதில் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டுத் திரும்பிப் போக வேண்டியது அதே பொலிஸிடம்தானே. பயந்தேன்.

மறியலுக்குப் போய் வந்த எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நீதவான் முகத்தை நிமிர்ந்து பார்க்கும்போது பக்கத்தில் நிற்பவன் யார் என்பதுதான் கண்ணில் தெரியும். சாதாரண மனிதன் எப்படி நடந்துகொள்வான் என்று தீர்மானித்த நீதிமன்றத்துக்கு, அந்த அறையிலிருந்து வரும் சாதாரண மனிதனைத் தெரிந்திருக்கவில்லை என்றுதான் நான் நம்புகிறேன்.

ஒப்புதல் தாள் ஏற்கப்பட்டது. செப்டெம்பர் 29இல் ஐந்து குற்றத்திலும் குற்றவாளி. ஒக்டோபர் 4இல் தண்டனை: 50 ஆண்டுகள்.

35

மேன்முறையீட்டு நீதிமன்றம் தன் முடிவைச் சொல்ல 1999 ஜூலை 6 வரை ஆனது. குற்றத்தீர்ப்பு சரி. தண்டனையை மட்டும் 35 ஆண்டாகக் குறைத்தது. 2000 ஜனவரி 28ஆம் திகதி உயர் நீதிமன்றம், மேன்முறையீடு செய்யச் சிறப்பு அனுமதி கேட்ட மனுவைத் தள்ளியது.

நாட்டுக்குள் இருந்த வாசல்கள் அத்தோடு முடிந்தன.

இந்தத் தொடரின் மையக் கேள்விக்கு இங்கே வருகிறோம். அரசு ஒரு மனிதனைப் பிழையாகத் தண்டித்தால் நட்டஈடு கேட்க அவன் எங்கே போவது?

இலங்கை அரசியலமைப்பில் அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போகலாம். 126ஆம் உறுப்புரை அந்த வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. எத்தனையோ பேர் அதனால் நட்டஈடு பெற்றிருக்கிறார்கள். ஆனால் அந்த வாசல் நிறைவேற்றுத்துறையும் நிர்வாகத்துறையும் செய்த மீறலுக்கு மட்டும். பொலிஸ் அடித்தால் போகலாம். நீதிபதி பிழையாகத் தீர்ப்புச் சொன்னால் போக முடியாது. அது நீதித்துறைச் செயல்.

சரி, பொலிஸ் அடித்ததற்காகவாவது போயிருக்கலாமே? போக வேண்டுமானால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். 1993 ஜூலையில் மட்டக்களப்பில் கண் கட்டப்பட்டுக் கிடந்த ஒருவர், ஓகஸ்ட்டுக்குள் கொழும்பில் மனுப் போட்டிருக்க வேண்டும். அவருடைய முதல் சட்டத்தரணி வந்தது அடுத்த வருடம் செப்டெம்பரில். முறைப்பாட்டைப் பெற்று அந்தக் காலக்கெடுவை நிறுத்திவைக்க உதவும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் சட்டம் 1996இல்தான் வந்தது. சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கிய 22ஆம் இலக்கச் சட்டம்கூட 1994இல் வந்தது. எல்லாம் அவருக்குப் பின்னால் வந்தவை.

இது இலங்கைக்கு மட்டும் உரிய ஓட்டையும் அல்ல. இந்திய உயர்நீதிமன்றங்களிலும் சட்டக் கல்லூரிகளிலும் நட்டஈடு என்றதும் முதலில் எடுக்கும் வழக்கு பீகாரின் ருதுல் சா வழக்கு. 1968இல் விடுதலையானவரை 1982 வரை, பதினான்கு ஆண்டு, சிறையிலேயே வைத்திருந்தார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 1983இல், ஏற்கெனவே கொடுத்த 5,000 ரூபாயோடு இன்னும் 30,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. பெரிய தீர்ப்புத்தான். ஆனால் கவனியுங்கள், அங்கே பிழை விட்டது சிறைச்சாலை. நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டிருந்தது. தீர்ப்பே பிழையாகிப்போன மனிதனுக்கு அந்த வழக்கு வழி சொல்லவில்லை.

அந்த வழியைச் சொன்ன எழுத்து ஒன்று உண்டு. குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தின் 14ஆம் உறுப்புரை, 6ஆம் பந்தி. இறுதித் தீர்ப்பால் தண்டிக்கப்பட்ட ஒருவரின் குற்றத்தீர்ப்பு, நீதி பிறழ்ந்தது என்று புதிய உண்மை ஒன்று முடிவாகக் காட்டியதால் பின்னர் நீக்கப்பட்டாலோ, அதே காரணத்துக்காக அவர் மன்னிக்கப்பட்டாலோ, அனுபவித்த தண்டனைக்குச் சட்டப்படி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்கிறது அது. இங்கிலாந்து அதற்காகவே 1988இல் தன் குற்றவியல் நீதிச் சட்டத்தில் 133ஆம் பிரிவை எழுதிக்கொண்டது. இலங்கை அந்தச் சமவாயத்தில் 1980 ஜூன் மாதமே சேர்ந்துவிட்டது.

1997 ஒக்டோபரில் இன்னொரு படி எடுத்து வைத்தது. ஜனாதிபதி சந்திரிகா காலம், வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர். சமவாயத்தின் விருப்ப நெறிமுறையை இலங்கை ஏற்றது. நாட்டுக்குள் எல்லா வாசலும் மூடினால் தனியொரு மனிதரும் ஜெனீவாவில் உள்ள மனித உரிமைகள் குழுவுக்கு எழுதலாம் என்பது அதன் பொருள்.

ஜெனீவாவுக்கு ஒரு மனு

2001 ஜூன் 19. பூசா சிறையில் 35 ஆண்டுத் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்த சிங்கராசாவின் மனு, சட்டத்தரணி வி. எஸ். கணேசலிங்கம் வழியாக ஜெனீவா போனது. இலக்கம் 1033/2001.

குழுவில் 18 நிபுணர்கள். எழுத்தில் வாதம், எழுத்தில் பதில். மூன்று ஆண்டு ஓடியது.

இலங்கை அரசு தன் பக்கத்தைச் சொன்னது. நிரூபிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் மேல் இருந்தாலும் அது மிகச் சிறிய சுமை. அடித்திருக்கலாம் என்ற ஒரு சிறு சாத்தியத்தைக் காட்டினாலே போதும், நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்துவிடும் என்றது.

2004 ஜூலை 21இல் குழு தன் முடிவை எழுதியது.

ஒரு மனிதனைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல வற்புறுத்தக் கூடாது என்றால், ஒப்புதல் வற்புறுத்தலில்லாமல் வந்தது என்று காட்ட வேண்டியது அரசுதான். சுமை எவ்வளவு சிறியது என்று சொன்னாலும், அது மாறி வைக்கப்பட்ட சுமை. அதுவும் அரசு சொன்ன அளவுக்குச் சிறியதாக இருந்திருந்தால், இந்தத் தழும்புகளைக் கண்ட நீதிமன்றங்கள் ஒவ்வொரு படியிலும் அவரை இவ்வளவு எளிதாகத் தள்ளியிருக்க மாட்டா. ஒப்புதல் எழுதப்பட்டு ஒரு வருடத்துக்கும் மேலான பின் எடுத்த வைத்திய அறிக்கை தெளிவாக இல்லை என்பதைக் காட்டி அவரைத் தள்ளியது, அந்தச் சிறிய அளவுகோல்கூடப் பின்பற்றப்படவில்லை என்பதையே காட்டுகிறது. விசாரித்தவனே மொழிபெயர்த்தவனாக இருந்தது நியாயமான விசாரணைக்குப் பொருந்தாது. மேன்முறையீடு இழுபட்ட காலமும் மீறல்தான்.

பரிகாரம்: விடுதலை அல்லது மறுவிசாரணை. அத்தோடு நட்டஈடு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பிரிவுகளைச் சமவாயத்துக்கு ஏற்பத் திருத்துதல்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இந்த வழக்கைப் பற்றிப் பேசும்போது இரு பக்கத்தாரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். சிங்கராசா நிரபராதி என்று ஜெனீவா சொல்லவில்லை. அதைக் கேட்கும் இடமும் அது அல்ல. அந்தத் தாளை வைத்து அவரைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது என்றது. தீர்ப்பு நாட்டுக்குள் நீக்கப்படாததால் 14ஆம் உறுப்புரையின் 6ஆம் பந்திக்குள்ளும் அவர் வரவில்லை. நட்டஈடு வந்தது, மீறலுக்குப் பயனுள்ள பரிகாரம் கொடு என்ற பொதுக் கடமையின் வழியே.

என்றாலும், நட்டஈடு என்ற சொல் அவர் பெயரோடு சேர்ந்து எழுதப்பட்டுவிட்டது. இலங்கை அரசுக்குத் தொண்ணூறு நாள் கெடு.

நம் பக்கத்து மௌனம்

இதை எழுதும்போது என் மனதை உறுத்துவதைச் சொல்லாமல் கடந்து போக முடியாது.

ஏறாவூரிலிருந்து கொம்மாதுறை எவ்வளவு தூரம்? அந்த முகாமுக்குள் நடந்தது நம் கரையின் முஸ்லிம் ஊர்களில் ஏன் பேச்சாக இல்லை?

காரணம் எல்லாருக்கும் தெரியும். 1990 ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாளில் ஏறாவூர். அந்த மையித்துகளை அடக்கிய மண்ணின் ஈரம் காயாத வருடங்கள் அவை. புலிச் சந்தேகத்தில் பிடிபட்ட தமிழ்ப் பொடியன் அடி வாங்கினானா, அவன் விரலைப் பிடித்து அழுத்தினார்களா என்று நம் பக்கத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்கும் மனநிலையில் யாரும் இருக்கவில்லை. அந்த மௌனத்துக்குப் பின்னால் இருந்த வலியை நான் மறுக்கவில்லை.

2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு கல்முனை, சாய்ந்தமருது, காத்தான்குடி என்று வீடு வீடாகத் தேடுதல். அலுமாரியில் இருந்த அரபுக் கிதாபுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாம் தடுமாறிய நாட்கள். வாப்பாமாரும் உம்மாமாரும் பயங்கரவாதத் தடைச் சட்டம் என்ற பெயரை அப்போதுதான் தங்கள் பிள்ளைகளின் பெயரோடு சேர்த்துச் சொல்லப் பழகினார்கள். அடுத்த வருடம் மே மாதம், கவிதை நூல் ஒன்றை எழுதியதற்காகக் கவிஞர் அஹ்னப் ஜஸீம் கைதானார். ஒன்றரை வருடத்துக்கும் மேல் உள்ளே இருந்தார். 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

அதே சட்டம். அதே 16ஆம் பிரிவு. 2022இல் அந்தச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது, தடுப்புக்காவல் பதினெட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டாகக் குறைந்தது. 16ஆம் பிரிவை யாரும் தொடவில்லை. 2004இல் அதைத் திருத்தச் சொன்ன காகிதம் பூசாவில் இருந்த ஒரு தமிழ்க் கைதியின் பெயரில் இருந்தது. அன்றைக்கு நாமும் சேர்ந்து அதைக் கேட்டிருந்தால்?

செப்டெம்பர் 15

ஜெனீவாவுக்கு அரசு 2005இல் பதில் எழுதியது. நீதிமன்றங்கள் தண்டித்த ஒருவரை விடுவிக்கவோ மறுவிசாரணைக்கு அனுப்பவோ அரசாங்கத்துக்குச் சட்ட அதிகாரம் இல்லை என்பது அதன் சாரம்.

அப்படியானால் அதிகாரம் உள்ள இடத்திலேயே கேட்போம் என்று சிங்கராசா தரப்பு உயர் நீதிமன்றம் போனது. 2000ஆம் ஆண்டில் தள்ளிய அந்த உத்தரவை, குழுவின் முடிவின் ஒளியில் மீளாய்வு செய்யுங்கள் என்று கேட்டது. இது இலங்கையில் அதுவரை யாரும் வைக்காத கேள்வி. ஐந்து நீதியரசர்கள் கொண்ட அமர்வு. தலைமையில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா.

2006 செப்டெம்பர் 15. தீர்ப்பு.

கைநாட்டைப் பற்றியோ, இடது கண்ணைப் பற்றியோ பேசுவதற்கு முன்னே நீதிமன்றம் வேறொரு இடத்தில் போய் நின்றது. 1997இல் ஜனாதிபதி அந்த விருப்ப நெறிமுறையை ஏற்றாரே, அவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா?

இல்லை என்றது நீதிமன்றம். இறைமை மக்களுக்கு உரியது, பிரிக்க முடியாதது. நீதித்துறை அதிகாரம் அரசியலமைப்பின் 4ஆம் உறுப்புரைப்படி நாட்டின் நீதிமன்றங்கள் வழியே மட்டும் செயற்பட வேண்டும். ஜெனீவாக் குழுவுக்கு மனுக்களைக் கேட்கும் உரிமை கொடுத்தது, அந்த அதிகாரத்தில் ஒரு பங்கை வெளியே கொடுத்தது போன்றது. இலங்கைப் பிரஜைகளுக்கு ஒரு புதிய உரிமையை உண்டாக்கியது, பாராளுமன்றத்தின் வேலையை ஜனாதிபதி செய்தது போன்றது. 33ஆம் உறுப்புரை ஜனாதிபதிக்குக் கொடுத்த அதிகாரத்தை அது மீறியது. ஆகவே அந்த ஏற்பு குடியரசைக் கட்டுப்படுத்தாது, நாட்டுக்குள் அதற்குச் சட்ட வலு இல்லை. மனுவுக்கு அடிப்படையே இல்லை. தள்ளப்படுகிறது.

ஒன்பது ஆண்டு திறந்திருந்த வாசல், திறந்ததே செல்லாது என்றாகிவிட்டது.

சட்ட அறிஞர்கள் இந்தத் தீர்ப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். சர்வதேச உடன்படிக்கைக்கும் உள்நாட்டுச் சட்டத்துக்கும் இடையில் சுவர் எழுப்பும் மரபு இலங்கைக்கு உண்டு என்பதும், பாராளுமன்றச் சட்டம் இல்லாமல் உடன்படிக்கை உள்ளே வராது என்பதும் நியாயமான வாதங்களே. அதை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். நீதிமன்றம் அதற்கும் அப்பால் போய், ஏற்றதே பிழை என்றது. இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. ஒரு நாட்டின் இறைமையைக் காப்பது பற்றிய அத்தனை பக்கங்களிலும், அந்த நாட்டின் ஒரு குடிமகனுடைய பெருவிரலுக்கு மேல் யாருக்கு அதிகாரம் என்ற கேள்விக்கு இடம் கிடைக்கவில்லை. இறைமை மக்களுடையது என்றால், 1993 டிசெம்பரில் அந்த அறையில் இருந்தவரும் மக்களில் ஒருவர்தானே.

சுவரில் ஒரு வாசல்

ஆனால் அந்தத் தீர்ப்பு தன்னை அறியாமல் ஒரு வழியையும் காட்டியிருந்தது. உடன்படிக்கை உள்ளே வர வேண்டுமானால் பாராளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். சரி, இயற்றினால்?

இயற்றியது. அடுத்த ஆண்டே, 2007இன் 56ஆம் இலக்கச் சட்டமாக, அந்தச் சமவாயத்தின் பெயரையே தாங்கி ஒரு சட்டம் நிறைவேறியது. 2008 மார்ச்சில் உயர் நீதிமன்றம், அரசியலமைப்பும் இந்தச் சட்டமும் ஏனைய சட்டங்களும் சேர்ந்து சமவாயத்தின் உரிமைகளைப் போதுமான அளவு காக்கின்றன என்று ஜனாதிபதிக்குக் கருத்துரை வழங்கியது.

அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவை நம் மக்களுக்கு நன்றாகத் தெரியும். வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க எழுதிய அந்தப் பிரிவில், முகநூலில் எழுதியவர்களும் சிறுகதை எழுதியவர்களும் பிடிபட்டார்கள். அதற்கு அடுத்த 4ஆம் பிரிவை யாரும் அதிகம் வாசிப்பதில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமைகளைச் சமவாயத்தின் 14ஆம் உறுப்புரையிலிருந்து எடுத்து உள்ளே கொண்டுவந்த பிரிவு அதுதான்.

14ஆம் உறுப்புரையில் ஏழு பந்திகள். பிழையாகத் தண்டிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடு என்று சொல்வது ஆறாவது.

அடுத்த வாரம் அந்த 4ஆம் பிரிவை வரி வரியாகத் திறந்து பார்ப்போம். அந்த ஆறாவது பந்தியும் சுவரைத் தாண்டி உள்ளே வந்ததா? அல்லது சட்டத்தை எழுதியவர்களின் பேனா ஐந்தாவதோடு நின்றுவிட்டதா?

(தொடரும்)